எரிக்கப்படாத நாடாக்கள்

இறுதிப் பரீட்சையின் கடைசி விடைத்தாளை ஒப்படைத்துவிட்டு மண்டபத்தினின்றும் வெளியேறும் மாணவனின் உள்ளத்தில் மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே எழுகின்றன. சுமை இறங்கியதென்ற மகிழ்ச்சி. தோழமை கலைகின்றதென்ற துயரம். இவ்விரண்டுக்கும் வடிவம் கொடுக்கும் முயற்சியாகவே உலகின் பல பல்கலைக்கழகங்களிலே பிரியாவிடைச் சடங்குகள் தோன்றின. இவற்றை வாலிபர்களின் வெறுங் குதூகலமென ஒதுக்கிவிடுவோர் உளர். ஆயின், ஒரு நாட்டிற் கல்வி யாருக்கு உரித்தாயிருந்தது, கற்றவர் தம்மை யாரோடு சேர்த்து எண்ணினர் என்பனவற்றை இச்சடங்குகளைக் கொண்டே நாம் பெருமளவுக்கு அறிந்துகொள்ளலாம். போர்த்துக்கல் நாட்டின் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1290ஆம் ஆண்டு லிஸ்பனிலே தோற்றுவிக்கப்பட்ட இப்பல்கலைக்கழகம், இடையிடையே இடம் பெயர்ந்து, 1537இற் கொயிம்பிரா நகரிலே நிலைகொண்டது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பறங்கியரின் பேரரசுக்கு வேண்டிய சட்ட அறிஞரையும் நிருவாகிகளையும் பயிற்றிய இடம் இதுவே. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1911 வரை அந்நாட்டின் ஒரேயொரு பல்கலைக்கழகமாகவும் அது விளங்கிற்று. எனவே அங்கு கற்றோர் எண்ணிக்கையிற் சிறியதொரு கூட்டத்தினர். எதிர்கால அதிகாரத்துக்கு உரியோர்.

அவர்களின் பிரியாவிடை விழா, நாடா எரிப்பு என்று பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சட்ட மாணவர், வகுப்புகள் முடிவுற்றதும் தம் நூல்களைக் கட்டிவந்த நாடாக்களைத் தீயிலிட்டுக் களித்தனர் என்பர். நாளடைவில் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு நிறம் வகுக்கப்பட்டது. சட்டத்துக்குச் சிவப்பு, வைத்தியத்துக்கு மஞ்சள், கலைப்பீடத்துக்குக் கருநீலம். மே மாதத்திலே, இறுதிப் பரீட்சைக்கு முன்னர், ஒடுங்கிய நாடா எரிக்கப்படும். அதனை எரிக்கும் கலம் பழைய படுக்கையறை மூத்திரச் சட்டி! அதன்பின் அகன்ற நாடாக்கள் கோவையிலே தொங்கவிடப்படும். பெற்றோரும் நண்பரும் ஆசிரியரும் அவற்றிலே பிரிவு மொழிகளை எழுதிக் கொடுப்பர். நள்ளிரவிலே பழைய பேராலயத்தின் படிக்கட்டுகளில், கறுப்புப் போர்வை அணிந்த பாடகர் பாடோ இசைப்பர்.

கடைசிப் பரீட்சையிற் சித்தியெய்திய பின்னர் நிகழும் சடங்கு இன்னும் விசித்திரமானது. சித்தியெய்தியவரின் மாணவ உடையைத் தோழர்கள் சூழ்ந்துநின்று கிழித்தெறிவர். கழுத்துப்பட்டை போன்ற சில துண்டுகள் மட்டுமே எஞ்சும். போர்வையை மாத்திரம் கிழிப்பதில்லை. மானத்தை மறைத்துக்கொண்டு அவர் வீடு செல்வது அப்போர்வையாலேயே. மாணவன் என்ற நிலை அத்தோடு முடிகின்றது.

இவ்விழாவிலே எள்ளலும் இருந்தது. 1898இல் வாஸ்கோ ட காமாவின் இந்தியப் பயணத்தின் நான்காம் நூற்றாண்டை அரசு பெரும் ஆரவாரத்தோடு கொண்டாடிற்று. மறு ஆண்டே கொயிம்பிரா மாணவர், தாம் மனனஞ் செய்துவந்த அழுக்கேறிய பாடக்குறிப்புகளுக்கு ‘நூற்றாண்டு விழா’ எடுத்து ஊர்வலம் விட்டனர். 1905இல், ஒழிக்கப்பட்ட பட்டமொன்றுக்குப் பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினர். எனினும், இந்த எள்ளல் பல்கலைக்கழக மதிலைப் பெரும்பாலும் தாண்டவில்லை. மதிலுக்கு வெளியே 1960இலும் நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் எழுத்தறிவற்றோராகவே இருந்தனர். அவர்களை அந்நிலையில் வைத்திருந்த சர்வாதிகாரி சலசார், இதே பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த பேராசிரியர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது. அதேவேளை, பின்னர் அங்கோலாவின் முதற் சனாதிபதியாகிய அகொஸ்தீனோ நெத்தோ வைத்தியம் பயிலத் தொடங்கியதும் இங்கேதான். ஆள்வோரையும் அவர்களை எதிர்ப்போரையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்தது கொயிம்பிரா.

இம்முரண்பாடு 1969இல் வெடித்தது. அப்பொழுது சலசார் நோயுற்றுப் பதவியிழந்திருந்தார், கயித்தானோ பிரதமராயிருந்தார். அங்கோலாவில் 1961இலும், கினியில் 1963இலும், மொசாம்பிக்கில் 1964இலும் மூண்ட விடுதலைப் போர்களை ஒடுக்க இளைஞர் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டுக் கொண்டிருந்தனர். 1887இல் நிறுவப்பட்ட மாணவர் சங்கம், சில ஆண்டுகள் அரசு நியமித்த குழுவின் கீழ்க் கிடந்தபின், அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் தன் தலைவர்களைத் தானே தெரிவுசெய்தது.

ஏப்ரில் 17ஆம் திகதி புதிய கணிதக் கட்டிடத் திறப்பு விழாவுக்குச் சனாதிபதி தொமாஸ் வந்தார். சங்கத் தலைவரான சட்ட மாணவர் அல்பேர்த்தோ மார்த்தின்ஸ் எழுந்து, மாணவர் சார்பிற் பேச அனுமதி கோரினார். அனுமதி கிடைக்கவில்லை. ஆட்சியாளர் விழாவை அவசரமாக முடித்துக்கொண்டு வெளியேறினர். அவ்விரவே மார்த்தின்ஸ் கைது செய்யப்பட்டார். சில நாட்களில் எட்டு மாணவர் இடைநிறுத்தப்பட்டனர். வகுப்புப் பகிஷ்கரிப்புத் தொடங்கிற்று. பேச அனுமதி கேட்டது, வேறெதுவுமில்லை, இவ்வளவுக்கும் காரணம்.

நாடா எரிப்பு விழா நெருங்கிற்று. மாணவர் துக்கம் அனுட்டிப்பதாக அறிவித்து, விழாவையே கைவிட்டனர். ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஒரே விழா அது என்பதை இறுதியாண்டு மாணவர் அறியாதவரல்லர். மே 28ஆம் திகதி கூடிய மாபெருங் கூட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பரீட்சைகளையும் பகிஷ்கரிப்பதெனத் தீர்மானித்தது. யூனிற் பரீட்சைகள் தொடங்கியபோது நகரெங்கும் பொலிஸார் நிறைந்திருந்தனர். ஆயினும் மிகப் பெரும்பான்மையோர் பரீட்சை மண்டபத்துக்குச் செல்லவில்லை. விழாவைத் துறப்பது ஓர் இரவின் மகிழ்ச்சியைத் துறப்பதாகும். பரீட்சையைத் துறப்பதோ, பட்டத்தையும் உத்தியோகத்தையும், படிப்பின் பெயராற் கிடைத்த படைச்சேவை ஒத்திவைப்பையும் பணயம் வைப்பதாகும்.

பிரியாவிடை நிகழவில்லை என்றும் கூறிவிட முடியாது. அது வேறு வடிவம் எடுத்தது. மாணவர் தெருவுக்கிறங்கி, இதுகாறும் தாம் ஏளனமாய் நோக்கிவந்த நகர மக்களுக்குப் பூக்களை வழங்கித் தம் வழக்கை எடுத்துரைத்தனர். யூன் 22ஆம் திகதி, லிஸ்பனுக்கு அருகே தேசிய விளையாட்டரங்கில், போர்த்துக்கல் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டம் நடைபெற்றது. மாணவர் சங்கத்தின் அணியாகிய அக்கடமிக்கா, புகழ்பெற்ற பென்பிக்காவை எதிர்த்தாடிற்று. வீரர்கள் துக்கக் குறியாகப் போர்வையைத் தோளிலிட்டு மைதானத்துள் நடந்து வந்தனர். பார்வையாளரிடையே துண்டுப்பிரசுரங்கள் கைமாறின. மேலான கல்வியும் குறைந்த பொலிஸும் வேண்டுமெனப் பதாகைகள் கோரின. சனாதிபதி வரவில்லை. தொலைக்காட்சி ஆட்டத்தை ஒளிபரப்பவில்லை. அக்கடமிக்கா முதலிற் கோல் அடித்தும், மேலதிக நேரத்தில் யுசேபியோ அடித்த கோலினால் 2-1 எனத் தோற்றது. அந்த யுசேபியோ மொசாம்பிக்கிற் பிறந்தவர். குடியேற்ற நாட்டின் மைந்தனைத் தன் வீரனாகக் கொண்டாடிய அரசு, அவரது தாய்நாட்டின் மீதே போர் தொடுத்திருந்தது.

அரசு பழிவாங்கத் தவறவில்லை. ஒக்ரோபரில் மாணவர் தலைவர்கள் 49 பேர் கட்டாயமாகப் படையிற் சேர்க்கப்பட்டனர். ஆனால், ஆட்சியின் அறியாமை இங்கேதான் வெளிப்பட்டது. எதிர்ப்பாளரைப் பாசறைக்கு அனுப்பினால் எதிர்ப்பும் பாசறைக்குள் நுழையுமென்பதை அது உணரவில்லை. 1974 ஏப்ரில் 25ஆம் திகதி அந்த ஆட்சியை வீழ்த்தியவர்கள் படையின் இளம் அதிகாரிகளே. அப்புரட்சிக்கு அறிகுறியாக வானொலியில் ஒலித்த பாடலை இயற்றிய யோசே அபொன்சோவும், ஒரு காலத்திற் கொயிம்பிராவில் மாணவனாய்ப் பாடோ பாடியவர். புரட்சிக்குக் காரணம் மாணவர் மாத்திரமே என்று கொள்வது மிகையாகும். ஆபிரிக்க மக்களின் போராட்டமே அந்த ஆட்சியின் முதுகெலும்பை முறித்தது. ஆயினும், அவ்வீழ்ச்சிக்கு உள்நாட்டில் வழி சமைத்தோருள் 1969ஆம் ஆண்டு மாணவரும் அடங்குவர்.

சர்வாதிகாரம் ஒழிந்த பின்னரும் நாடாக்கள் உடனே எரிக்கப்படவில்லை. விழா மீண்டது 1980இலேதான். பழைய உடையும் சடங்கும் மேட்டுக்குடியின் எச்சங்களென்று மீட்சியை எதிர்த்தோரும் இருந்தனர். அவர்களின் ஐயம் நியாயமானதே. எனினும், மகிழ்ச்சியை மேட்டுக்குடியினரின் தனிச்சொத்தாக விட்டுக்கொடுப்பது முற்போக்காகாது. உழைத்து முடித்தவன் பாடுவதும், நண்பரைப் பிரிபவன் அழுவதும் மனித இயல்பு. விழா கூடாதென்பதன்று நம் வாதம். அதன் வாசல் யாருக்குத் திறந்திருக்கின்றது என்பதே நம் வினா.

கல்வி தனக்குக் கிடைத்ததுபோல் மற்றோருக்கும் கிடைக்கவேண்டுமென எண்ணுபவனுக்கு விழாவும் அழகு, வேண்டியபோது அதனைத் துறத்தலும் அழகு. அவ்வெண்ணம் இல்லாதவனுக்கு நாடா எரிப்பு வெறும் நெருப்பு. கொயிம்பிராவிலே எத்தனையோ தலைமுறையினர் தம் நாடாக்களை எரித்துச் சென்றனர். வரலாறு பெரிதும் நினைவிற் கொண்டிருப்பதோ, எரிக்க மறுத்த அந்த ஒரு தலைமுறையினரையே.