பதக்கமும் கடையும்

ஹ்யூகோ குட்மானைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: ஹிட்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம் கிடைக்கச் சிபாரிசு செய்த யூத அதிகாரி. கேட்பவர் ஒரு கணம் வியக்கிறார். சரித்திரத்தின் முரண் என்கிறார். முரணை ரசிப்பது சுலபம். அந்த ரசனையில் காணாமல் போவது ஒரு மனிதரும் அவர் நடத்திய கடையும்.

குட்மான் 1880இல் நூரெம்பர்க் நகரில் பிறந்தவர். பவேரிய ராணுவத்தில் ஏற்கெனவே பணியாற்றியிருந்தவரை 1914 யுத்தம் மீண்டும் அழைத்துக்கொண்டது. லிஸ்ட் ரெஜிமென்ட் என்று பெயர்பெற்ற காலாட்படைப் பிரிவில் லெப்டினென்ட் ஆனார். இரும்புச் சிலுவையின் இரண்டு வகுப்புகளும் அவருக்குக் கிடைத்தன. அதே ரெஜிமென்டில் ஹிட்லர், தகவல் கொண்டு ஓடும் சிப்பாய். 1918 ஆகஸ்டில் ஹிட்லருக்கு வந்த பதக்கத்தின் பின்னால் குட்மானின் சிபாரிசு இருந்தது. தனக்குக் கீழே வேலை செய்பவனுக்காக ஒரு மேலதிகாரி எழுதும் காகிதம், அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் அர்த்தம் தேடுவது, பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுவந்து ஒட்டும் காரியம்.

1919இல் ராணுவத்திலிருந்து விடுபட்டு, கல்யாணம் செய்துகொண்டு, சொந்த ஊரில் அலுவலக மேஜை நாற்காலிகள் விற்கும் கடை வைத்தார். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கடை. ஆனால் அந்த ஊரில் 1923 முதல் ஸ்ட்ரைகரின் ‘டெர் ஸ்ட்யூர்மர்’ யூத வெறுப்பையே சரக்காக விற்றுக்கொண்டிருந்தது.

ஜெர்மன் படையில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் செத்தார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த 1916இலேயே, யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் நழுவுகிறார்களா என்று ராணுவம் தலை எண்ணிப் பார்த்தது. கணக்கை வெளியிடவில்லை. சந்தேகத்தை மட்டும் வெளியே விட்டது. அதற்குப் பதில் சொல்லவே யூதப் போர்வீரர்கள் 1919இல் சங்கம் அமைத்தார்கள். பதில் சொல்லும் பொறுப்பு தங்களுடையது என்று அவர்கள் நம்பியதில்தான் சிக்கல் இருக்கிறது.

1933 ஏப்ரல் 1ந்தேதி யூதர் கடைகளின் முன்னால் பழுப்புச் சட்டைக்காரர்கள் காவல் நின்று, உள்ளே போகாதே என்றார்கள். சில கடைக்காரர்கள் பழைய பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். சில நாட்களில் யூதர்களை அரசாங்க உத்தியோகத்திலிருந்து விலக்கும் சட்டம் வந்தது. ஹிண்டன்பர்க் கேட்டுக்கொண்டதால் போர்முனையில் நின்றவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த வருஷம் குட்மான் யுத்த ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டார், கிடைத்தது.

இந்த விலக்குதான் விஷயத்தின் மையம். வீரனுக்கு விலக்கு என்பதை ஒப்புக்கொண்ட கணத்தில், வீரனல்லாதவனுக்கு உரிமை இல்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. வாசலில் பதக்கத்தோடு நின்றவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மேஜை விற்றுப் பிழைக்க ஒருவனுக்கு ஏன் பதக்கம் வேண்டும்? நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய குடியுரிமை, எப்போது வேண்டுமானாலும் பறிக்கக்கூடிய குடியுரிமை.

பறித்தார்கள். 1935 செப்டம்பரில் அவருடைய ஊரிலேயே, அந்த ஊரின் பெயராலேயே சட்டம் வந்தது. குடியுரிமை போயிற்று, ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு மேஜைகளில் இரண்டு குட்மான்கள். பிறகு கெஸ்டபோ கைது செய்தது. அவருடைய பழைய கதை தெரிந்தவர்கள் தலையிட்டதால் விடுதலையானார். 1938 நவம்பரில் வந்த உத்தரவு, அடுத்த ஜனவரியிலிருந்து யூதர்கள் சில்லறைக் கடை நடத்தக்கூடாது என்றது. 1939இல் பெல்ஜியம், 1940இல் அமெரிக்கா. செயின்ட் லூயிஸ் நகரில் ஹென்றி கிராண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1962இல் சான் டியாகோவில் இறந்தார். பிறந்த ஊர், கடை, பெயர் மூன்றும் போய் உயிர் மட்டும் மிஞ்சியது.

1942 முதல், பதக்கம் பெற்ற யூத வீரர்கள் பலர் தெரசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவும் சலுகை என்றே சொல்லப்பட்டது. அங்கிருந்து பலருக்கு ஆஷ்விட்ஸ்.

குட்மானை நாம் நினைவில் வைத்திருப்பது, அவர் சிபாரிசு செய்த ஆளின் பெயரால். பதக்கமும் இல்லாமல், யாருக்கும் சிபாரிசும் செய்யாமல், வெறுமனே கடை வைத்திருந்தவனுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. நம் ரசனையும் விலக்கு அளிக்கும் ரசனைதான்.