நிகழ்பட ஆட்டக் குமட்டலின் வரலாறு

நிகழ்பட ஆட்டக் குமட்டல் என்பது, உடல் அசையாதிருக்கும்போது திரையில் ஓடும் காட்சியால் உண்டாகும் தலைசுற்றல், வியர்வை, குமட்டல், வாந்தி ஆகியவற்றைக் குறிக்கும். பேருந்திலும் கப்பலிலும் வரும் பயணக் குமட்டலின் தலைகீழ் வடிவம் இது.

மலைப்பாதையும் திரையும்

சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்குப் பயணக் குமட்டல் புதிதன்று. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 வளைவுகளும் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம் நகர்ந்து, உடல் திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. முன் இருக்கையையோ கைபேசியையோ பார்த்திருக்கும் கண்ணுக்கு அந்தத் திருப்பம் தெரிவதில்லை. கார் பந்தய ஆட்டத்தில் இது மாறி நிகழ்கிறது: கண் வளைவைக் காண்கிறது, நாற்காலியில் இருப்பவரின் உட்செவி எந்த அசைவையும் உணர்வதில்லை.

பேருந்து ஓட்டுநர் அடுத்த திருப்பத்தை முன்னரே அறிவதால் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. அதுபோல, ஆட்டத்தை ஆடுபவரைவிட அருகிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் குமட்டல் வருவதுண்டு.

ஆய்வுகளின் வளர்ச்சி

கடற்பயணக் குமட்டலுக்குப் புலன்களின் முரண்பாடே காரணம் என்னும் கருத்தை 1881 இல் ஜே. ஏ. இர்வின் முன்வைத்தார். 1882 இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதோர் பலருக்குச் சுழற்றினாலும் தலைசுற்றல் வருவதில்லை என்று கண்டார். உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை என்பது பின்னர் உறுதியானது. ஆகவே குமட்டல் வருவது உடல் பலவீனத்தின் அடையாளமன்று.

1957 இல் அமெரிக்கக் கடற்படையின் உலங்கு வானூர்திப் பாவனைப் பொறியில் பயின்றவர்களிடம் திரைக்காட்சியால் வரும் குமட்டல் பதிவு செய்யப்பட்டது. பயிற்சி மாணவர்களைவிட அனுபவமிக்க பயிற்றுநர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். உண்மையான பறத்தலில் உடல் எப்படி அசையும் என்பதை அவர்களின் மூளை நன்கு அறிந்திருந்ததே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. புலன் முரண்பாட்டுக் கோட்பாட்டை 1975 இல் ரீசன், பிராண்ட் ஆகியோர் விரிவாக வகுத்தனர்.

வீடுகளில் பரவல்

1992 இல் வுல்ஃபென்ஸ்டைன் 3டி, 1993 இல் டூம் ஆகிய ஆட்டங்கள் வெளிவந்தன. பாத்திரத்தின் கண்வழியே காட்சி ஓடும் இவ்வகை ஆட்டங்களால், பயிற்சிக் கூடத்தில் அறியப்பட்ட தொல்லை வீடுகளுக்கும் வந்தது. தலையில் அணியும் மெய்நிகர் கருவிகளில் வெளியுலகமே மறைவதால் பாதிப்பு கூடுதலாக இருக்கும்.

தணிக்கும் வழிகள்

திரையிலிருந்து தள்ளி அமர்தல், அறையில் விளக்கை எரியவிடுதல், காட்சி குலுங்கும் அமைப்பை நிறுத்துதல், பார்வைக் கோணத்தை மாற்றுதல் ஆகியவை உதவும். முதல் கிறுகிறுப்பிலேயே ஆட்டத்தை நிறுத்துவது நல்லது. பாதிப்பு சில மணி நேரம் நீடிக்கக்கூடும் என்பதால், பாவனைப் பயிற்சி முடித்த விமானிகள் உடனே பறப்பதைச் சில படைத்தளங்கள் தடை செய்தன. ஆட்டத்தில் தலைசுற்றியவர்களும் அது முற்றிலும் தணியும்வரை இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது.