பிபிசி மூன்றாம் ஒலிபரப்பின் மாலைநேரங்கள் (1946–1957)

முன்னுரை

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டில், 1946 செப்டம்பர் 29 அன்று, பிபிசி நிறுவனம் ‘தேர்டு புரோகிராம்’ என்னும் மூன்றாம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொது நிகழ்ச்சிகளுக்கும் எளிய பொழுதுபோக்கிற்குமென இரு ஒலிபரப்புகள் முன்பே இருந்தன. மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை இயங்கிய புதிய ஒலிபரப்பு, இசை, இலக்கியம், அறிவியல், மெய்யியல் ஆகியவற்றிற்கென அமைந்தது. வானொலி உரிமக் கட்டணம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் 10 ஷில்லிங்கிலிருந்து ஒரு பவுண்டாக உயர்ந்திருந்தது. எனவே, அனைவரும் செலுத்தும் கட்டணத்தைச் சிலர் மட்டுமே கேட்கும் நிகழ்ச்சிகளுக்குச் செலவிடுவது முறையா என்னும் வினா எழுந்தது.

காலமும் படைப்பும்

கடிகாரத்திற்கேற்பப் படைப்பைச் சுருக்காமல், படைப்பிற்கேற்ப நேரம் ஒதுக்குவது இவ்வொலிபரப்பின் அடிப்படைக் கொள்கை. இதனால் நீண்ட நாடகங்களும் இசைநாடகங்களும் முழுமையாக ஒலித்தன. 1948இல் கடவுளின் இருப்புக் குறித்துக் கோபிள்ஸ்டனும் பெர்ட்ரண்டு ரசலும் இதில் விவாதித்தனர். ‘பெருவெடிப்பு’ எனத் தமிழில் வழங்கும் ‘பிக் பாங்’ என்னும் தொடரை 1949இல் பிரெட் ஹாயில் தம் உரையில் ஆண்டதும் இதில்தான். டிலன் தாமசின் ‘அண்டர் மில்க் வுட்’ 1954இலும், சாமுவேல் பெக்கெட் வானொலிக்கென்றே எழுதிய ‘ஆல் தட் ஃபால்’ 1957இலும் ஒலிபரப்பாயின.

கேட்போர்

எளிய நிகழ்ச்சிகளைக் கேட்போர் படிப்படியாக உயர்ந்த நிகழ்ச்சிகளை நாடுவர் என்று தலைமை இயக்குநர் வில்லியம் ஹேலி எதிர்பார்த்தார். அவ்வெதிர்பார்ப்பு பெருமளவில் நிறைவேறவில்லை. அரிய நிகழ்ச்சிகளைத் தனி ஒலிபரப்பில் தொகுத்தமை, பிறவற்றைக் கேட்போர் அவற்றைத் தற்செயலாக எதிர்கொள்ளும் வாய்ப்பைக் குறைத்தது எனலாம். தொலைக்காட்சியும் வானொலியின் மாலைநேரத்தைக் கவர்ந்தது. 1957இல் ஒலிபரப்பு நேரம் குறைக்கப்பட்டபோது டி. எஸ். எலியட், இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் முதலியோர் எதிர்த்தும் முடிவு மாறவில்லை.

முடிவுரை

கேட்போரின் எண்ணிக்கை ஒரு மாலையின் வரவேற்பை மட்டுமே அளக்கும். அம்மாலையில் ஒலித்த நாடகம் பின்னர் நூலாகவும் மேடை நிகழ்வாகவும் பரவியதையும், ஓர் உரையில் வழங்கிய தொடர் அறிவியல் கலைச்சொல்லாக நிலைத்ததையும் அவ்வளவுகோல் காட்டாது. ஆகவே, மூன்றாம் ஒலிபரப்பைக் கேட்போருக்கான பணியாக மட்டுமன்றி, படைப்பாளர்க்கும் அறிஞர்க்கும் களம் அமைத்த புரவலராகவும் மதிப்பிடுதல் வேண்டும். பொதுப்பணத்தின் பயன் குறித்த வினாவுக்கு அதன் வலுவான விடை இப்பங்களிப்பிலேயே உள்ளது.