கடலில் வழி திறந்தோர்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பிறந்த நமக்குக் கடற்படை என்றதும் நினைவுக்கு வருபவன் இராசேந்திர சோழனே. 1025-ஆம் ஆண்டில் கடாரம் வென்ற அம்மன்னனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் நமக்கு மிக அருகில் உள்ளது. அவனது மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை வரிசையாகக் கூறுகிறது; கலம் செலுத்தியோரின் பெயர்களைக் கூறவில்லை. எங்கள் பாட்டனாரும் அவ்வாறு பெயர் பொறிக்கப்படாதோருள் ஒருவரே. இரண்டாம் உலகப் போரின்போது, இராயல் இந்தியக் கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் கப்பலொன்றில் அவர் பணியாற்றினார்.

அப்பணி எத்தகையது? துறைமுக வழிகளில் பகைவர் இட்ட வெடிகள், கடலடியில் நங்கூரமிட்ட கம்பியால் பிணைக்கப்பட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்து மிதக்கும். கப்பல் தன் பின்னே நீண்ட கம்பிவடத்தை இழுத்துச் செல்லும். அவ்வடம் பிணைப்புக் கம்பியை அறுத்ததும் வெடி மேலெழும். தொலைவிலிருந்து அதனைச் சுட்டு அழிப்பர். பிறர் அஞ்சி விலகும் நீரில் முதலில் நுழைவதே இவர்களின் கடமை.

இவ்வகைக் கப்பல்களுள் வரலாறு மறவாதது ‘பெங்கால்’. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட அச்சிறு கப்பல், 1942 நவம்பர் 11 அன்று, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ‘ஒண்டினா’ என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தது. ‘ஹோகோகு மாரு’, ‘ஐகோகு மாரு’ என்னும் இரு ஜப்பானியப் போர்க்கலங்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பெங்காலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. ஆயினும் பெங்கால் எண்ணெய்க் கப்பலைத் தப்பிச் செல்லப் பணித்துத் தான் பகைவரை நோக்கித் திரும்பியது. குண்டு பட்ட ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. சேதமுற்றும் பெங்காலும் ஒண்டினாவும் கரை சேர்ந்தன.

இத்தகைய வீரச்செயல் ஏட்டில் ஏறும். நாள்தோறும் வெடி அகற்றியோரின் உழைப்போ எவர் கண்ணிலும் படாது. அவ்வழியே பின்னர் சென்ற கப்பல் ஊறின்றிக் கரை சேர்ந்தது என்பதே அவ்வுழைப்பின் பயன். நேராத தீங்குக்கு எவர் கல் நடுவர்?

1946 பிப்ரவரியில் பம்பாயில் எழுந்த கடற்படையினர் எழுச்சியை நாடு இன்றும் நினைவுகூர்கிறது. அதற்கு முந்தைய போராண்டுகளில் அதே கடற்படையினர் ஆற்றிய பணி பேசப்படுவது அரிது. அந்நியர் கொடியின் கீழ் பணியாற்றியோர் என்பது ஒரு காரணமாகலாம். எனினும், அவர்கள் திறந்த வழியில் சென்ற மாலுமிகளுள் நம்மவரும் இருந்தனர். கடலில் மாண்ட இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் நினைவுச்சின்னம் மும்பையில் உள்ளது. உயிரோடு ஊர் திரும்பி, ஏர் பிடித்து, அமைதியாய் மறைந்தோர்க்குச் சின்னம் ஏதுமில்லை. அவர்களின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நம் கடன்.