சைலன்சரில் ஓர் ஓட்டை

மரம் அறுக்கும் மெஷினின் சைலன்சரில் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டால் வலு ஏறும். பட்டறைப் பேச்சு மட்டுமல்ல, உண்மைதான். ஆனால் அந்த வலு எங்கிருந்து வருகிறது, அதற்கான காசை யார் கொடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதப் போன எனக்கு, எஞ்சின்களின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

எங்கள் பக்கம் கலவை என்றால் ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கிற ஊர். எஞ்சினுக்குக் கலவை என்றால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்தது. இந்தக் கதையில் இரண்டும் வரும்.

சாதாரண டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் புகை வாசலைத் திறந்து மூட வால்வு கிடையாது. புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் புகை போகும் வாசலும் திறந்தே இருக்கும். எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து ஓடிவிடும். பழைய ஸ்கூட்டர் பின்னால் போனால் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை இதுதான். ரொம்ப காலம் இதைச் சரிசெய்ய முடியாத குறையாகவே பார்த்தார்கள்.

அப்படிப் பார்க்காதவர்களில் ஒருவர் வால்டர் காடன். 1919இல் ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பீனமுண்டேவில் ஏவுகணைத் திட்டத்தில் வேலை பார்த்தார். போர் முடிந்து ஊருக்குத் திரும்பி அவர் தொடங்கியது மரவேலைத் தொழில். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்குக் கூரைச் சட்டம் செய்து கொடுத்தார். பிறகு கிழக்கு ஜெர்மனியின் எம்இஸட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பந்தயப் பிரிவைப் பொறுப்பேற்றார். பணம் இல்லை, நல்ல உலோகம் இல்லை. அவரிடம் இருந்தது ஓர் ஆசிலோஸ்கோப். அதை வைத்துப் புகைக்குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகளைப் பார்த்தார்.

குழாய் விரிகிற இடத்தில் அலை ஓர் உறிஞ்சலாகத் திரும்பிவந்து பழைய புகையை வெளியே இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகுகிற இடத்தில் மோதும் அலை அழுத்தமாகத் திரும்பிவருகிறது. வாசல் மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், வெளியே நழுவிய புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளுவது மாதிரி. நடுவில் வயிறு பெருத்த அந்தக் குழாய் காடன் ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல, அவருக்கு முன்பும் முயன்றவர்கள் உண்டு. ஆனால் அதை அளந்து, கணக்குப் போட்டு, முழுமையாக்கியவர் அவர். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200. காற்றை அழுத்தி ஊட்டும் கருவி எதுவும் இல்லாமல் அந்த அளவை முதலில் தொட்ட எஞ்சின் அது.

அதே ஆண்டு செப்டம்பரில் சுவீடன் பந்தயத்தின்போது அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பினார். எம்இஸட்டின் ரகசியங்கள் சுசுகிக்குப் போயின. மறு ஆண்டே டெக்னர் சுசுகிக்கு முதல் உலகப் பட்டத்தை வாங்கித் தந்தார். அதன் பிறகு ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் பைக்குகள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு கலந்துவிட்டது. 1985இல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 அந்த வழித்தோன்றல்தான். 98 சிசி, 11 குதிரைத்திறன்.

நம் ஊர்ப் பையன்கள் அந்த பைக்கில் செய்த முதல் வேலை சைலன்சரை வெட்டியது. வேகமாகப் போகிறோம் என்ற உணர்வைத் தந்தது பெரும்பாலும் சத்தம்தான். கணக்குப் பார்க்காமல் குழாயைக் குறுக்கினால் திரும்பிவர வேண்டிய அலை வேறு நேரத்துக்கு வரும், அல்லது வராமலே போகும். காடன் சத்தத்தைத் திருப்பி அழைத்து வலுவாக்கினார். நாம் அதைத் தெருவுக்கு விரட்டிவிட்டோம்.

மரம் அறுக்கும் மெஷினின் கதை கொஞ்சம் வேறு. ஆந்திரியாஸ் ஸ்டில் 1929இல் செய்த பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ, இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒரே ஆள் கையில் பிடிக்கிற அளவுக்கு அது சுருங்கியபோது, வயிறு பெருத்த நீளக் குழாய்க்கு அங்கே இடமில்லை. எஞ்சினோடு ஒட்டிய ஒரு தகரப் பெட்டிதான் சைலன்சர். சத்தத்தைக் குறைக்கவும், புகை விதிகளுக்கு அடங்கவும், தீப்பொறி காட்டில் விழாமல் இருக்கவும் அதன் வாயைச் சின்னதாக்கி வலை போட்டார்கள். அந்த வாயைப் பெரிதாக்கினால் எஞ்சின் சுலபமாக மூச்சு விடும், வலு கூடும். பைக்கில் பெரும்பாலும் பொய்யாகிப்போன ஆசை இங்கே பலிக்கிறது.

பலிக்கிறதுதான், ஆனால் சும்மா அல்ல. புகை சுலபமாக வெளியேறினால் உள்ளே காற்று அதிகம் வரும். கார்பரேட்டரில் பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை மெலிந்துபோகும். இந்த எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. லிட்டருக்கு 20 மில்லி. ஆக, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பெட்ரோலைக் கூட்டினால் பிஸ்டன் தப்பிக்கும், செலவு ஏறும், எரியாத புகை கூடும். கம்பெனி சைலன்சரோடு ஓடும்போதே அறுப்பவர் காதருகே சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். ஓட்டை போட்ட பிறகு கேட்கவே வேண்டாம். கலவை பக்கம் வேலிக்காத்தான் வெட்டுகிற ஆளோ புளியமரம் அறுக்கிற ஆளோ காதுக்கு எதுவும் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆளுக்குக் கூலி டன் கணக்கில் என்றால், கூடுதல் வலு மெஷின்காரருக்கு லாபம்; காது அறுப்பவருடையது.

இந்தக் கணக்கு எங்கள் மாவட்டத்துக்குப் புதிது அல்ல. தோல் தொழில் இங்கே வேலை கொடுத்தது, அந்நியச் செலாவணி கொடுத்தது. கழிவை மட்டும் பாலாறு வாங்கிக்கொண்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் ஆற்றையும் கிணற்றையும் விலையாகக் கொடுத்து நாட்டுக்கு வாங்கித் தந்த வாசகம் அது.

அதே 1996 மார்ச்சில் காடன் இறந்தார். அதே ஆண்டோடு ஆர்எக்ஸ் 100 தயாரிப்பும் நின்றது. மூன்றுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எனக்கு மூன்றும் ஒரே பாடமாகத் தெரிகிறது. வெளியே போவது எதுவும் காணாமல் போவதில்லை. காடன் அதை அலையாகப் பார்த்தார், உள்ளே திருப்பிக்கொண்டார். தொழிற்சாலை அதை ஆற்றில் விட்டது. வெட்டிய சைலன்சர் அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தில் விடுகிறது.

பைக்கில் சைலன்சரை வெட்டினால் போலீஸ் பிடிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 190(2) பிரிவு இருக்கிறது. மரம் அறுக்கும் மெஷினுக்கு நம்பர் பிளேட் இல்லை. அதை வழிமறிக்கச் சாலையும் இல்லை. ஓட்டை போடாதே என்று நான் சொல்லவில்லை. வலு தேவைப்படுகிறவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. போடுகிறவர் கார்பரேட்டரைத் திருப்பும் அதே கையால், அறுக்கிறவருக்கு ஒரு காதடைப்பானும் வாங்கிக் கொடுத்தால் போதும். மெஷின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.