மாத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதர்

யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம். நான் பணியாற்றிய பள்ளியில், அம்மாத்திரையை மாணவர்க்கு எங்கள் கையாலேயே வழங்கியதுண்டு. ஒருமுறை ஒரு மாணவன், “ஐயா, இதைக் கண்டுபிடித்தவர் யார்?” என வினவினான். விடை தெரியாமல் நின்றேன். பின்னர்த் தேடிப் படித்தபோது, அவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்றறிந்து நாணினேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ், அந்நாளைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை வந்து மூன்றாம் முறை தேறினார். மாநிலக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை அரங்கிலும் கதரங்கியே அணிந்தார். அதனை விரும்பாத ஆங்கிலேயப் பேராசிரியரால் உரிய பட்டம் கிட்டாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

இதற்கிடையே, ‘ஸ்ப்ரூ’ எனும் கொடிய குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துக் கவர்ந்தது. அவரையும் பற்றிய அந்நோயை ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதி தணித்தார்.

மேற்கல்விக்காக அமெரிக்கா சென்ற சுப்பாராவ், மருத்துவமனையில் எளிய ஏவற்பணி செய்து பிழைத்துக்கொண்டே ஆர்வர்டில் ஆய்வு செய்தார். பேராசிரியர் பிசுக்குடன் இணைந்து, உடல் திரவங்களில் பாசுபரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசை இயங்கத் துணைபுரியும் பாசுபோகிரியாட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி.யையும் இவ்விருவரும் கண்டறிந்தனர். செருமனியின் லோமன் என்பாரும் அதே 1929இல் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். இத்தனை செய்தும் ஆர்வர்டில் நிலையான பதவி வாய்க்கவில்லை.

1940இல் லெடர்லி மருந்து ஆய்வகம் சென்றார். அங்கே அவர் தலைமையிலான குழு, போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. ஆனால் அவர்களுக்கோ அது காலம் கடந்து வந்த மருந்து! இன்று கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படுவதும் அதுவே.

அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினும் அக்குழுவின் ஆக்கமே. பாசுடன் மருத்துவர் சிட்னி பார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தபோது, சிலருக்குச் சில காலமேனும் நோய் தணிந்தது. புற்றுநோயை மருந்தால் எதிர்க்கலாம் என்னும் நம்பிக்கைக்கு அது வித்திட்டது. ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும், யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசினும் அவர் ஆய்வுத் தலைமைப் பொறுப்பிலிருந்த காலத்தில் உருவானவையே.

1948 ஆகசுட்டுத் திங்களில், தம் 53ஆம் அகவையில், தாயகம் திரும்பாமலே நியூயார்க்கில் அவர் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. அவரும் புகழை நாடிச் செல்லவில்லை. 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

மருந்துக் கண்டுபிடிப்பு பலர் கைகூடிச் செய்யும் வேலை. தலைவனாயிருந்தும் அக்கூட்டத்தில் ஒருவராய் மறைந்து நின்றது சுப்பாராவின் பெருமை. அம்மறைவை அப்படியே விட்டுவைத்தது நம் குறை. அன்று வினவிய மாணவனுக்கு நான் தரத் தவறிய விடையை, இன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் தாருங்கள்.