கந்தையில் பூத்த தாமரை: வங்காளத்து நக்ஷி காந்தா

‘கந்தை’ என்றால் கிழிந்த துணி என்றே நாம் பொருள் கொள்கிறோம். அதே சொல்லின் வடமொழி மூலம் வங்காளத்தில் ‘காந்தா’ என வழங்குகிறது. அங்கே அது பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வையைக் குறிக்கும். அதில் பூவேலை செய்தால் ‘நக்ஷி காந்தா’. ‘நக்ஷ்’ அரபுச் சொல். வரைதல், செதுக்குதல், சித்திர வேலை என்று பொருள்படும். ஒரு வடசொல்லும் ஓர் அரபுச் சொல்லும் இணைந்த இப்பெயரே அக்கலையின் வரலாற்றைப் பாதி சொல்லிவிடுகிறது. இந்து, முஸ்லிம் என இரு சமூகத்துப் பெண்களும் வளர்த்த கலை அது.

இதற்கென்று கடைக்குச் சென்று எதையும் வாங்கியதில்லை. உடுத்தி உடுத்தி நைந்த பருத்திப் புடவைகள் மூன்று, நான்கு, குளிர்காலப் போர்வையாயின் இன்னும் சில. அவற்றைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் பாரம் வைத்து, முதலில் விளிம்பைத் தைத்து இணைப்பார்கள். தைக்கும் வண்ண நூலும் வீட்டிலேயே கிடைத்தது. புடவை நைந்தாலும் அதன் கரையில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மங்காமல் இருக்கும். அந்தக் கரையிலிருந்து இழை இழையாக நூலை உருவிச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். பழைய காந்தாக்களில் இம்மூன்று நிறங்களே மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுதான். கைக்கு வந்த மிச்ச நூலே நிறத்தைத் தீர்மானித்தது.

தையலோ மிக எளியது. பெரும்பாலும் ஊசி மேலும் கீழுமாக ஓடும் ஓடுதையலே. நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய் வடிவம். பூக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்து நிரப்புவதால், துணி முழுவதும் நீர்ப்பரப்பில் சிற்றலை எழுந்தாற்போல் சுருங்கி நிற்கும். மழைக்காலத்தில் வெளிவேலை ஓய்ந்தபோது இத்தையல் நடந்தது. ஒரு காந்தா முடியப் பல மாதங்கள் ஆகும்.

பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்கு நைந்த பருத்தியின் மென்மை வேறெதற்கும் வராது என்பதை நம் வீட்டு மூத்த பெண்களும் அறிவார்கள். முஸ்லிம் இல்லங்களில் தொழுகை விரிப்பு, குர்ஆன் உறை, நம் ஊர்களில் சுப்ரா எனப்படும் உணவு விரிப்பு ஆகியனவும் காந்தாவாக அமைந்தன. மனிதரும் விலங்கும் தெய்வ உருவங்களும் நிறைந்த காந்தாக்கள் பெரும்பாலும் இந்து இல்லங்களுக்கு உரியவை. முஸ்லிம் பெண்கள் கொடி, மலர், பிறை, கட்டங்கள் ஆகியவற்றையே அதிகம் விரும்பினர். ஆயினும் கறாரான எல்லைக்கோடு இருந்ததில்லை. தாமரை இரு வீட்டிலும் பூத்தது.

உருவங்கள் இருந்த திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் அதை எறிந்துவிடவில்லை. வெட்டித் தலையணையாக்கிக் கொண்டார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். நபியவர்களே தம் ஆடையைத் தைத்ததாகவும் அவர்களே அறிவிக்கிறார்கள். ஒட்டுப்போட்ட துணியை இழிவாக எண்ணும் நம் காலத்துக் கூச்சம் எங்கிருந்து வந்ததோ!

கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலை வெளியிட்டார். கணவனைப் பிரிந்த சாஜு என்னும் கிராமத்துப் பெண் தன் வாழ்வின் கதையையெல்லாம் ஒரு காந்தாவில் தைத்து, தன் கபுரின்மேல் அதை விரிக்கும்படி தாயிடம் கேட்டுக்கொள்கிறாள். எழுதத் தெரியாத பெண்களுக்கு ஊசி எழுதுகோலாயிற்று என்பதை வங்காளம் இந்நூலின் வழியே உணர்ந்தது. ஆனால் உண்மையில் தைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. குருசதய் தத் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி சேகரித்த காந்தாக்கள் கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் உள்ள அருங்காட்சியகத்திற்கு வந்தன. அவற்றுள் மானதாசுந்தரி என்பவர் தம் தந்தைக்காகத் தைத்துப் பெயரும் பொறித்த காந்தா புகழ்பெற்றது. அப்படிப் பெயர் பொறித்தவர் மிகச் சிலரே.

1971 போருக்குப் பின் கணவரையும் வீட்டையும் இழந்த பெண்களுக்கு வங்கதேசத்தில் இத்தையல் பிழைப்பானது. 1978இல் தொடங்கிய ஆரோங் போன்ற நிறுவனங்கள் காந்தாவை நகரக் கடைகளுக்குக் கொண்டுவந்தன. ஓவியர் சுரையா ரஹ்மான் வரைந்த வடிவங்களைப் பெண்கள் பட்டில் தைத்தனர். புதுத்துணியும் புது நூலும் வந்தன. மிச்ச நூல் மறைந்தது. இதைக் கலையின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலியின்றி வீட்டுக்குள் முடிந்த உழைப்புக்கு விலை கிடைத்தது சிறிய செய்தியன்று. அந்த விலை தைத்தவளின் கைக்கு எவ்வளவு சேர்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பழைய முறையைக் கற்க விரும்புவோருக்குத் தடை ஏதுமில்லை. நைந்த பருத்திப் புடவையையோ கைலியையோ கைக்குட்டை அளவில் மூன்று மடிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் விளிம்பைத் தைத்துவிட்டு, நடுவில் ஒரு சிறு பூவை வரைந்து, அங்கிருந்து வெளிநோக்கித் தையுங்கள். தையல் பெட்டியின் அடியில் கிடக்கும் துண்டு நூல்களே போதும். ஒரு நிறம் பாதி இதழில் தீர்ந்தால், அடுத்த நிறத்தைக் கோத்துக்கொள்ளலாம்.